அனுப்பியவர் யார்? மின்னஞ்சலின் அடையாளமும் எங்கள் அமைப்புகளின் பெயரும்

இலங்கை அரசாங்கத்தின் மின்னஞ்சல் கட்டமைப்பு 2023ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாத இறுதியில் கப்பம் கோரும் மென்பொருள் தாக்குதல் ஒன்றுக்கு உள்ளானது. ‘கவ் டொட் எல்கே’ என முடியும் ஏறத்தாழ 5,000 முகவரிகள் அதில் பாதிக்கப்பட்டன. அமைச்சரவை அலுவலகத்தின் முகவரிகளும் அவற்றுள் அடங்கும். கட்டமைப்பு சில மணித்தியாலங்களுக்குள் மீண்டும் இயங்க வைக்கப்பட்டது. ஆனால், அவ்வாண்டு மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான காலப்பகுதிக்குரிய மின்னஞ்சல்களுக்குக் காப்புப்பிரதி இருக்கவில்லை. பாவனையில் இருந்தது 2013ஆம் ஆண்டுப் பதிப்பான பழைய மென்பொருள் என்றும், 2021 முதலே அதைப் புதுப்பிக்கும் திட்டம் இருந்தபோதிலும் நிதிப் பற்றாக்குறையாலும் முன்னைய பணிப்பாளர் சபையின் தீர்மானங்களாலும் அது தள்ளிப்போனது என்றும் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையம் அப்போது விளக்கமளித்தது.

நூறு நாட்களுக்கும் மேற்பட்ட அந்தக் காலத்தில் காணி விடுவிப்புப் பற்றியோ, இழப்பீடு பற்றியோ, காணாமலாக்கப்பட்ட ஒருவரைப் பற்றியோ நீங்கள் அரச அலுவலகம் ஒன்றுக்கு மின்னஞ்சல் அனுப்பியிருந்தால், அதன் பிரதி உங்களிடம் மாத்திரமே இருக்கக்கூடும். உங்களிடமும் இல்லையெனில், அப்படி ஒரு கடிதம் எழுதப்பட்டதற்கான தடயமே இல்லாமல் போயிருக்கலாம்.

இது பெற்றுக்கொள்ளும் பக்கத்தில் நடந்த தவறு. அது பற்றி அப்போது ஓரளவு பேசப்பட்டது. அனுப்பும் பக்கத்தில் நடப்பது பற்றி நாங்கள் இன்னமும் பேசத் தொடங்கவில்லை. வடக்கு, கிழக்கிலும் மலையகத்திலும் இயங்கும் சிறிய அமைப்புகள், சங்கங்கள், செய்தித் தளங்கள் தமது சொந்தப் பெயரில் அனுப்பும் மின்னஞ்சல்கள் போய்ச் சேருகின்றனவா? வேறு யாராவது அந்தப் பெயரில் அனுப்பினால் பெறுபவருக்கு அது தெரியவருமா? இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை, இணையப் பெயரோடு சேர்த்து எழுதிவைக்கப்படும் சில வரிப் பதிவுகளில்தான் இருக்கிறது. அந்தப் பதிவுகளைத் தொழில்நுட்பவியலாளரின் வேலை என்று ஒதுக்கிவிடுவதன் விலை என்ன என்பதையே இந்தக் கட்டுரை பேசுகிறது.

கடிதம் எழுதும் சமூகம்

போர் முடிந்த பின்னரான ஆண்டுகளில் எங்கள் மக்கள் எழுதிய அளவுக்குக் கடிதம் எழுதிய சமூகங்கள் குறைவு. ஆணைக்குழுக்களுக்கு எழுதினார்கள். 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் உருவான காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கு எழுதினார்கள். ஐ.நா. மனித உரிமைகள் பேரவையின் 2021 மார்ச் மாத 46/1 தீர்மானத்தைத் தொடர்ந்து ஆதாரங்களைத் திரட்டும் பணி ஜெனீவாவில் தொடங்கியபோது அதற்கும் எழுதினார்கள். முன்பு பதிவுத் தபாலில் போனவற்றில் பெரும்பகுதி இன்று மின்னஞ்சலில் போகிறது.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டமும் இலத்திரனியல் வழியில் எழுதப்படும் கோரிக்கையை எழுத்துமூலக் கோரிக்கையாகவே ஏற்கிறது. தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானத்தை அறிவிக்க வேண்டும். ஆனால், கோரிக்கை அவரது குப்பைக் கோப்புக்குள், அதாவது எல்லோரும் ‘ஸ்பாம்’ என்று சொல்லும் இடத்துக்குள், விழுந்துவிட்டால் அந்த நாட்களை யார் எண்ணுவது? பதிவுத் தபாலுக்கு ஒரு துண்டு இருந்தது. மின்னஞ்சலுக்கு அப்படியொரு துண்டு இல்லை.

தம்புள்ளை போன்ற நகரங்களில் இதற்கு இன்னொரு முகமும் உண்டு. போட்டோப் பிரதி எடுக்கும், ஸ்கான் செய்யும் ‘கொமியூனிகேஷன்’ கடைகள்தான் பலருக்கு அஞ்சலகம். சொந்தமாக மின்னஞ்சல் முகவரி இல்லாத ஒருவர், கையால் எழுதிய மனுவைக் கடையில் கொடுத்து, கடையின் ஜீமெயில் முகவரியிலிருந்து அனுப்பச் சொல்கிறார். கடிதம் பெரும்பாலும் போய்ச் சேரும். ஆனால், பெறுபவரின் கணினியைப் பொறுத்தவரை அனுப்பியவர் கடைக்காரர். பதிலும் கடைக்கே வரும். தம்புள்ளையில் சிறுபான்மையினரின் மனுக்களுக்கு ஒரு வரலாறும் இருக்கிறது. 2012 ஏப்ரல் 20ஆம் திகதி பள்ளிவாசல் தாக்கப்பட்டதும், அடுத்த ஆண்டு ஒக்டோபரில் காளி கோவில் இடித்து அகற்றப்பட்டதும் இந்நகரில்தான். அப்படியான ஓரிடத்தில் யார், எப்போது, யாருக்கு எழுதினார் என்பது பின்னாளில் சாட்சியாக நிற்கக்கூடிய விடயம்.

வெங்காய மூட்டையின் கதை

மின்னஞ்சல் அனுப்பும் முறை 1982இல் வகுக்கப்பட்டது. அப்போது வலையமைப்பில் இருந்தவை பெரும்பாலும் பல்கலைக்கழகங்களும் ஆய்வுகூடங்களும்தான். ஒருவர் இன்னொருவரின் பெயரில் எழுதுவார் என்ற சந்தேகம் அந்த முறைக்குள் இடம்பெறவில்லை. ‘அனுப்புநர்’ என்ற இடத்தில் யாரும் எந்த முகவரியையும் எழுதலாம். இன்றைக்கும் அடிப்படை அதுதான். பின்னர் வந்தவை எல்லாம் அந்த ஓட்டையை அடைப்பதற்காகச் சேர்க்கப்பட்டவை.

தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்தை எடுத்துக்கொள்வோம். 1999இல் அமைக்கப்பட்ட இந்தச் சந்தைக்கு நாட்டின் நாலா திசையிலிருந்தும் மரக்கறி வருகிறது. யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு விவசாயி வெங்காயம் அனுப்புகிறார் என்று வையுங்கள். மூட்டையில் அவரது பெயர் எழுதப்பட்டிருக்கிறது. ஆனால், மூட்டையில் பெயர் எழுதப் பேனா ஒன்று போதும். தரம் குறைந்த வெங்காயத்தை யாரும் அவர் பெயரில் அனுப்பிவிடலாம். கடைக்காரர் எதை வைத்து நம்புவது?

முதல் வழி, விவசாயி முன்கூட்டியே ஒரு பட்டியல் கொடுப்பது: ‘என் சரக்கு இந்த இலக்கமுள்ள லொறிகளில் மாத்திரமே வரும்.’ மின்னஞ்சலில் இதற்கு எஸ்பிஎஃப் என்று பெயர். உங்கள் அமைப்பின் இணையப் பெயருக்குக் கீழே, ‘எங்கள் பெயரில் கடிதம் அனுப்பும் அனுமதி இந்தக் கணினிகளுக்கு மாத்திரமே உண்டு’ என ஒரு வரி எழுதிவைக்கப்படுகிறது. உலகில் எந்த மின்னஞ்சல் வழங்கியும் அதைப் பார்த்துச் சரிபார்க்கலாம்.

இரண்டாவது வழி, மூட்டையின் வாயைத் தைத்து முத்திரை இடுவது. இதுதான் டீகிம். அனுப்பும் கணினி ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரு கணித முத்திரையைப் போடுகிறது. முத்திரையைச் சரிபார்ப்பதற்கான பகிரங்கச் சாவி உங்கள் இணையப் பெயரின் பதிவில் இருக்கும். வழியில் யாராவது கடிதத்தின் ஒரு சொல்லை மாற்றினாலும் முத்திரை பொருந்தாது. யாகூவும் சிஸ்கோவும் தனித்தனியே உருவாக்கிய இரண்டு முறைகளை இணைத்து 2007இல் இது நியமமாக்கப்பட்டது.

இரண்டும் ஏன் வேண்டும்? மதவாச்சியில் சரக்கை இறக்கி வேறு லொறியில் ஏற்றிய காலம் எங்கள் வியாபாரிகளுக்கு நினைவிருக்கும். லொறி மாறினால் பட்டியல் பொருந்தாது. ஆனால், முத்திரை மூட்டையோடு கூடவே போகும். மின்னஞ்சலிலும் அப்படித்தான். ஒருவர் தனக்கு வந்த கடிதங்களைத் தானாகவே இன்னொரு முகவரிக்குத் திருப்பிவிடும்போது எஸ்பிஎஃப் சோதனை தோற்கும். டீகிம் பெரும்பாலும் தப்பும்.

மூன்றாவது, பட்டியலும் முத்திரையும் பொருந்தாத மூட்டையை என்ன செய்வது என்ற அறிவுறுத்தல். அதுதான் டீமார்க். 2012இல் முன்வைக்கப்பட்டு 2015இல் ஆவணப்படுத்தப்பட்ட இந்த முறை இரண்டு வேலைகளைச் செய்கிறது. ஒன்று, பெறுபவரின் கண்ணுக்குத் தெரியும் அனுப்புநர் பெயரும், பட்டியலோ முத்திரையோ உறுதிப்படுத்தும் பெயரும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்க்கிறது. எஸ்பிஎஃப் பார்ப்பது தபால் உறையில் உள்ள முகவரியை. வாசகர் பார்ப்பதோ உள்ளே இருக்கும் கடிதத் தலைப்பை. உறை ஒருவருடையதாகவும் கடிதத் தலைப்பு இன்னொருவருடையதாகவும் இருந்தால் டீமார்க் அதைக் கண்டுபிடிக்கும். மற்றையது, பொருந்தாத கடிதத்தை ‘அப்படியே விடு’, ‘குப்பைக் கோப்பில் போடு’, ‘திருப்பி அனுப்பு’ என்ற மூன்றில் ஒன்றைச் சொல்கிறது. அதோடு, உங்கள் பெயரில் எங்கிருந்தெல்லாம் கடிதங்கள் வந்தன என்ற அறிக்கையையும் உங்களுக்கு அனுப்பிவைக்கும்.

புதிய சோதனைச் சாவடி

நீண்ட காலமாக இவை விருப்பத்துக்கு உரியவையாக இருந்தன. 2024 பெப்ரவரியில் நிலைமை மாறியது. கூகுளும் யாகூவும், தமது பாவனையாளர்களுக்குக் கடிதம் அனுப்பும் எவரும் எஸ்பிஎஃப் அல்லது டீகிம் வைத்திருக்க வேண்டும் என அறிவித்தன. ஜீமெயில் முகவரிகளுக்கு நாளொன்றுக்கு 5,000 அளவிலோ அதற்கு மேலோ அனுப்புபவர்கள் இரண்டையும் டீமார்க்கையும் சேர்த்து வைத்திருக்க வேண்டும். பெறுபவர்கள் ‘குப்பை’ என முறையிடும் வீதம் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது. 2025 மே மாதத்திலிருந்து மைக்ரோசொப்டும் அவுட்லுக், ஹொட்மெயில் முகவரிகளுக்கு இதையொத்த விதியைக் கொண்டுவந்தது. அடையாளம் உறுதிப்படுத்தப்படாத கடிதங்கள் 2024இல் 26,500 கோடி குறைந்ததாகக் கூகுள் கூறுகிறது.

மோசடியைத் தடுப்பதற்கு இது நல்ல காரியம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால், யார் இதை இலகுவாகக் கடந்தார்கள் என்று பார்க்க வேண்டும். வங்கிகளும் பெரு நிறுவனங்களும் ஆட்களை அமர்த்திச் செய்துமுடித்தன. முழுநேர மோசடிக்காரர்களும் புதிய இணையப் பெயர்களை வாங்கி, அவற்றுக்கு உரிய பதிவுகளைச் சரியாக எழுதிக் கடந்தார்கள். தடுமாறியவர்கள், எப்போதோ ஒரு தன்னார்வலர் அமைத்துக் கொடுத்த இணையத்தளத்தோடு இயங்கும் சிறிய அமைப்புகள்.

தடுமாற்றம் நடக்கும் இடங்களும் ஏறக்குறைய ஒரே மாதிரியானவை. மாதாந்தச் செய்திமடலை வெளி நிறுவனம் ஒன்றின் சேவை வழியாக அனுப்புவார்கள். அந்தச் சேவையின் பெயர் பட்டியலில் இருக்காது. அல்லது, செய்திமடல் சேவையில் அனுப்புநராக ஜீமெயில் முகவரியைக் கொடுத்திருப்பார்கள். தனது பெயரில் வேறிடத்திலிருந்து வரும் கடிதங்களைக் குப்பைக் கோப்பில் போடச் சொல்லும் கொள்கைக்குத் தான் மாறுவதாகக் கூகுள் அறிவித்த பின்னர் அது எடுபடாது. இன்னும் சிலர் எஸ்பிஎஃப் வரியை இரண்டு தடவை எழுதியிருப்பார்கள். ஒன்றுக்கு மேல் இருந்தால் இரண்டுமே செல்லாது. பட்டியலுக்குள் பட்டியலாகச் சேர்த்துக்கொண்டே போனால் பத்துத் தேடல்கள் என்ற எல்லை தாண்டப்பட்டு முழுப் பட்டியலும் தோற்கும்.

ஓமந்தையைக் கடந்தவர்களுக்கு இந்த அனுபவம் புதிதல்ல. ஒரு தாள் குறைந்தால் திரும்பிப் போக வேண்டியிருந்தது. ஆனால், அங்கே திருப்பி அனுப்பப்பட்டவருக்குத் தான் திருப்பி அனுப்பப்பட்டது தெரியும். இங்கே கடிதம் குப்பைக் கோப்புக்குள் விழுந்தது அனுப்பியவருக்குத் தெரியவராது. ‘கண்டுகொள்ளவில்லை’, ‘பதில் சொல்ல விருப்பமில்லை’ என்று அவர் எண்ணிக்கொள்வார். உதவி கோரிய அமைப்பும் உதவ நினைத்தவரும் ஒருவரை ஒருவர் குறைகூறிக்கொண்டிருக்க, இருவருக்கும் இடையில் ஒரு வரிப் பதிவு இல்லாமல் இருந்திருக்கும்.

பெயர் திருடப்படும்போது

போய்ச் சேராத கடிதத்தைவிட ஆபத்தானது, நாங்கள் எழுதாத கடிதம் எங்கள் பெயரில் போய்ச் சேருவது.

2024 மே 2ஆம் திகதி அமெரிக்காவின் எஃப்.பி.ஐ., வெளிவிவகாரத் திணைக்களம், தேசியப் பாதுகாப்பு முகவரகம் ஆகியன கூட்டாக ஓர் எச்சரிக்கையை வெளியிட்டன. வட கொரியாவுடன் தொடர்புடைய ‘கிம்சுக்கி’ என்ற குழு, ஊடகவியலாளர்களாகவும் கல்வியாளர்களாகவும் தன்னைக் காட்டிக்கொண்டு கடிதங்கள் அனுப்பித் தகவல் திரட்டுகிறது என்பது அதன் சாரம். அந்தக் குழு பயன்படுத்திய வழி, டீமார்க் இல்லாத அல்லது அதை ‘அப்படியே விடு’ என்ற நிலையிலேயே வைத்திருந்த நிறுவனங்களின் பெயர்கள். பூட்டை உடைக்கத் தேவை இருக்கவில்லை. கதவு சாத்தப்படாமல் இருந்தது.

மின்னஞ்சலில் தொடங்கும் மோசடி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இலங்கையோடு தொடர்புபட்ட உதாரணமும் உண்டு. 2016 பெப்ரவரியில் பங்களாதேஷ் மத்திய வங்கியின் கணக்கிலிருந்து பணம் திருடப்பட்டபோது, அதில் 2 கோடி டொலர் இலங்கையிலிருந்த ஓர் அறக்கட்டளையின் பெயருக்கு அனுப்பப்பட்டது. பெறுபவரின் பெயரில் இருந்த எழுத்துப் பிழை வங்கியாளர்களுக்குச் சந்தேகத்தை ஏற்படுத்த, அந்தத் தொகை காப்பாற்றப்பட்டது. பிலிப்பைன்ஸுக்குச் சென்ற 8 கோடியே 10 இலட்சம் டொலரில் பெரும்பகுதி திரும்பவில்லை. இந்த வழக்கில் அமெரிக்க நீதித் திணைக்களம் 2018இல் தாக்கல் செய்த முறைப்பாட்டின்படி, ஊடுருவல் தொடங்கியது வேலை தேடும் ஒருவர் எழுதியது போன்ற மின்னஞ்சல்களில்.

இதை எங்கள் சூழலுக்குப் பொருத்திப் பாருங்கள். காணாமலாக்கப்பட்டோரின் உறவினர் சங்கம் ஒன்றின் பெயரில் புலம்பெயர் நாடுகளில் உள்ளவர்களுக்கு நிதி கேட்டு ஒரு கடிதம் போனால்? நாளைய போராட்டம் ஒத்திவைக்கப்பட்டுள்ளது என்று சங்கத்தின் கடிதத் தலைப்பிலேயே ஒரு அறிவித்தல் வந்தால்? சாட்சியம் அளித்த ஒருவருக்கு, ‘உங்கள் வாக்குமூலத்தில் சில திருத்தங்கள் தேவை, இந்த இணைப்பைத் திறவுங்கள்’ என்று தெரிந்த சட்டத்தரணி ஒருவரின் முகவரியிலிருந்து வந்தால்? பணம் போனால் பணம் மாத்திரம் போவதில்லை. பல ஆண்டுகள் வீதியோரத்தில் இருந்து சேர்த்த நம்பிக்கை போய்விடும். ஏற்கனவே கண்காணிப்புக்கும் சந்தேகத்துக்கும் உள்ளான அமைப்புகளுக்கு, ‘அது நாங்கள் எழுதியதல்ல’ என்று நிரூபிக்க வேண்டிய சுமையும் வந்து சேரும்.

பெயர் யாருடைய கையில்?

இந்தப் பதிவுகள் எல்லாம் எழுதப்படும் இடம் இணையப் பெயரின் பதிவேடு. பதிவேட்டைக் கையில் வைத்திருப்பவர், அந்தப் பெயருக்கு வரும் கடிதங்கள் எங்கே போக வேண்டும் என்பதையும் தீர்மானிக்கலாம்.

2021 பெப்ரவரி 6ஆம் திகதி, சுதந்திர தினம் முடிந்து இரண்டாம் நாள், ‘டொட் எல்கே’ என முடியும் சில முகவரிகளைத் திறந்தவர்கள் வேறொரு பக்கத்துக்குத் திருப்பப்பட்டார்கள். ‘கூகுள் டொட் எல்கே’யும் அவற்றுள் ஒன்று. தேயிலைத் தோட்டத் தொழில்துறையின் பிரச்சினைகள், ஊடக சுதந்திரம், சிறுபான்மையினர் விவகாரம் ஆகியவை அந்தப் பக்கத்தில் பேசப்பட்டிருந்தன. தோட்டத் தொழிலாளருக்கு 1,000 ரூபா நாட்சம்பளம் கோரும் போராட்டம் நடந்துகொண்டிருந்த காலம் அது. மாத்தளை மாவட்டத்தின் தோட்டங்களில் வாழும் எங்கள் மக்களுக்கும் அது வயிற்றுப் பிரச்சினை. கோரிக்கையின் நியாயத்தை ஒருபுறம் வைத்துவிட்டு நடந்ததைப் பார்த்தால், கூகுளின் கணினிகளை யாரும் தொடவில்லை. பெயருக்கு எதிரே எழுதப்பட்டிருந்த பதிவு மாற்றப்பட்டது. அது போதுமானதாக இருந்தது.

அரசும் பெயர்களைக் கையாண்டிருக்கிறது. தமிழ்நெட் இணையத்தளம் 2007 ஜூன் மாதத்தில் இலங்கைக்குள் தடுக்கப்பட்டது நினைவிருக்கலாம். எனவே, உள்நாட்டுப் பெயரா, வெளிநாட்டில் பதியப்படும் பெயரா என்பது எங்கள் ஊடகங்களுக்கு வெறும் அழகியல் தெரிவல்ல.

ஆனால், பெரும்பாலான அமைப்புகளுக்கு அரசைவிட அருகில் இருக்கும் ஆபத்து வேறு. இணையப் பெயரை வாங்கக் கடன் அட்டை வேண்டும் என்பதால், ரொறொன்ரோவிலோ இலண்டனிலோ இருக்கும் உறவினர் தனது சொந்தப் பெயரில் வாங்கிக் கொடுத்திருப்பார். ஐந்து ஆண்டுகளில் அவரது அட்டை காலாவதியாகும், மின்னஞ்சல் மாறும், அல்லது அமைப்போடு மனத்தாங்கல் வரும். புதுப்பிக்கும் திகதி தவறினால், குறிப்பிட்ட காலத்துக்குப் பின்னர் அந்தப் பெயரை யாரும் வாங்கலாம். வாங்கியவர் எஸ்பிஎஃப், டீகிம், டீமார்க் மூன்றையும் முறையாக எழுதி, எல்லாச் சோதனைகளிலும் தேறும் கடிதங்களை உங்கள் பழைய பெயரில் அனுப்பலாம். பழைய முகவரிக்கு மக்கள் இன்னும் அனுப்பிக்கொண்டிருக்கும் கடிதங்களையும் அவர் பெற்றுக்கொள்வார். சாட்சியங்கள் வந்து சேரும் முகவரியாக அது இருந்தால் என்ன நடக்கும் என்று விளக்க வேண்டியதில்லை.

செய்ய வேண்டியவை

இவற்றுக்குப் பெரிய செலவில்லை. பதிவுகளை எழுத யாரும் கட்டணம் அறவிடுவதில்லை. தேவைப்படுவது ஒழுங்கும் பொறுமையும்.

முதலில், இணையப் பெயர் யாருடைய கணக்கில் இருக்கிறது, எப்போது காலாவதியாகிறது என்று பாருங்கள். அது அமைப்பின் பெயரில் இருக்க வேண்டும். குறைந்தது இருவரிடம் அணுகல் இருக்க வேண்டும். இரண்டடுக்குப் பாதுகாப்பு இயக்கப்பட்டிருக்க வேண்டும். பல ஆண்டுகளுக்குச் சேர்த்துப் புதுப்பித்து வையுங்கள்.

அடுத்து, உங்கள் பெயரில் கடிதம் அனுப்பும் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதுங்கள்: அலுவலக மின்னஞ்சல், செய்திமடல் சேவை, இணையத்தளத்தின் தொடர்புப் படிவம், நன்கொடைப் பற்றுச்சீட்டு அனுப்பும் சேவை. பலருக்கு மறந்துபோவது கடைசி இரண்டும்தான்.

பிறகு, அவை அனைத்தையும் அடக்கிய ஒரேயொரு எஸ்பிஎஃப் வரி. ஒவ்வொரு சேவைக்கும் தனித்தனி டீகிம் சாவி. 2,048 பிட் நீளம் நல்லது. இவை சரியான பின்னர் டீமார்க்கை ‘அப்படியே விடு’ என்ற நிலையில் தொடங்கி, அறிக்கைகள் வரும் முகவரியையும் குறிப்பிடுங்கள். சில வாரங்கள் அறிக்கைகளைப் பாருங்கள். உங்கள் கடிதங்கள் எல்லாம் தேறுகின்றன என்று உறுதியான பின்னர் ‘குப்பைக் கோப்பு’ நிலைக்கும், பின்னர் ‘திருப்பி அனுப்பு’ நிலைக்கும் போங்கள். அவசரப்பட்டு முதல் நாளே கடைசி நிலைக்குப் போனால் உங்கள் சொந்தக் கடிதங்களே திரும்பும். 2014இல் யாகூ திடீரென அந்த நிலைக்கு மாறியபோது உலகெங்கும் குழு மின்னஞ்சல்கள் குழம்பின. மறுபுறத்தில், முதல் நிலையிலேயே நின்றுவிடுவது கிம்சுக்கி பயன்படுத்திய கதவைத் திறந்து வைப்பதற்குச் சமம்.

கடிதம் அனுப்பவே பயன்படுத்தாத பழைய பெயர்கள் உங்களிடம் இருந்தால், ‘இந்தப் பெயரில் எந்தக் கடிதமும் வராது’ என்று அவற்றுக்கும் எழுதிவையுங்கள்.

சொந்தப் பெயரைப் பராமரிக்க முடியாத மிகச் சிறிய சங்கங்களுக்கு ஒரு ஜீமெயில் முகவரியே மேல். அடையாளச் சோதனைகளைக் கூகுள் பார்த்துக்கொள்ளும். ஆனால், அந்த முகவரி தனி ஒருவரின் கைபேசியோடு மாத்திரம் கட்டப்பட்டிருக்கக்கூடாது. கொமியூனிகேஷன் கடைகளிலும், கடையின் முகவரியில் அனுப்புவதற்குப் பதிலாக வாடிக்கையாளருக்கு ஒரு முகவரி திறந்து கொடுத்து, அனுப்பிய கடிதத்தை அச்சிட்டுக் கையில் கொடுக்கலாம். தொலைந்துபோன பதிவுத் தபால் துண்டுக்கு அது ஓரளவு ஈடாகும்.

எதைக் காக்காது, எதைக் காக்கும்

இங்கே ஒரு எச்சரிக்கை அவசியம். இந்த மூன்று முறைகளும் கடிதத்தை மறைப்பதில்லை. அனுப்பியவர் யார் என்பதை உறுதிப்படுத்துகின்றன, அவ்வளவுதான். உள்ளடக்கத்தை வழங்கி நிறுவனம் வாசிக்கலாம். கணக்கைக் கைப்பற்றியவரும் வாசிக்கலாம். ஒருவரின் கடவுச்சொல் திருடப்பட்டால், திருடர் அனுப்பும் கடிதம் எல்லா முத்திரைகளோடும்தான் போகும். சாட்சிகளின் பெயர், ஊர் போன்ற விபரங்களுக்கு மறையாக்கம் செய்யப்பட்ட வேறு வழிகள் தேவை.

முத்திரைக்கு இரண்டு முனைகள் உண்டு என்பதையும் மறக்கக்கூடாது. டீகிம் முத்திரையுள்ள கடிதம், அது இன்ன பெயரிலிருந்து புறப்பட்டது, வழியில் மாற்றப்படவில்லை என்பதைப் பின்னாளிலும் காட்டக்கூடியது. 2016இல் அமெரிக்கத் தேர்தலின்போது கசிந்த மின்னஞ்சல்கள் பலவற்றின் நம்பகத்தன்மையை ஆய்வாளர்கள் இப்படித்தான் சரிபார்த்தார்கள். கசிந்தால் மறுக்க முடியாது என்பது ஆபத்து. ஆனால், பொறுப்புக்கூறலுக்காகக் காத்திருக்கும் ஒரு சமூகத்துக்கு அதே இயல்பு ஒரு பலமும்கூட. இலங்கையின் 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் இலத்திரனியல் ஆவணங்களைச் சான்றாக ஏற்க இடமளிக்கிறது. அதிகாரி ஒருவரிடமிருந்து வந்த முக்கியமான கடிதத்தைத் திரைப்பிடிப்பாக மாத்திரம் வைத்திருப்பதில் பயன் குறைவு. அதை மூல வடிவில், தலைப்பு விபரங்கள் அனைத்தோடும் தரவிறக்கி, இரண்டு இடங்களில் வையுங்கள். முத்திரையைச் சரிபார்க்கும் பகிரங்கச் சாவி காலப்போக்கில் பதிவேட்டிலிருந்து நீக்கப்படலாம் என்பதால், சரிபார்த்த பெறுபேற்றையும் அப்போதே சேர்த்து வைப்பது நல்லது.

அரசின் கடமை

சிறிய அமைப்புகளிடம் இவ்வளவும் கேட்கும்போது அரசிடம் கேட்காமல் விட முடியாது. பிரித்தானியா 2016இல் தனது அரச சேவைகளுக்கு டீமார்க்கைக் கட்டாயமாக்கத் தொடங்கியது. அமெரிக்கா 2017 ஒக்டோபரில் கூட்டாட்சி நிறுவனங்கள் அனைத்தும் ஒரு வருடத்துக்குள் ‘திருப்பி அனுப்பு’ நிலைக்கு வர வேண்டும் என உத்தரவிட்டது. அரச அலுவலகத்தின் பெயரில் வரும் போலிக் கடிதத்தால் முதலில் பாதிக்கப்படுவது, அரச கடிதம் என்றாலே பதறிப்போகும் மக்கள். எங்கள் மக்களுக்கு அந்தப் பதற்றத்துக்குக் காரணங்கள் இருக்கின்றன.

இலங்கையில் அமைச்சு முதல் பிரதேச செயலகம் வரை எல்லா ‘கவ் டொட் எல்கே’ முகவரிகளும் கடைசி நிலைக்குக் கொண்டுவரப்பட வேண்டும். அதன் முன்னேற்றம் பகிரங்கமாக அறிவிக்கப்பட வேண்டும். அலுவலர்கள் தனிப்பட்ட ஜீமெயில் முகவரிகளில் அரச கருமம் ஆற்றும் வழக்கம் நிற்க வேண்டும். பொதுமகனின் கடிதம் கிடைத்ததும் இலக்கமிட்ட பற்றுச்சீட்டு ஒன்று, அவர் எழுதிய மொழியிலேயே, திரும்பி வர வேண்டும். 2023இல் தொலைந்த நூறு நாட்கள் போல் இன்னொன்று நேராதபடி காப்புப்பிரதிகள் வேறிடத்தில் இருக்க வேண்டும். இவை எதற்கும் புதிய சட்டம் தேவையில்லை.

மொழிப் பக்கத்திலும் ஒரு கடன் இருக்கிறது. ‘டொட் இலங்கை’ என்று தமிழ் எழுத்திலேயே முடியும் இணையப் பெயர்களுக்கு உலகப் பதிவேட்டில் இடம் கிடைத்து ஒரு தசாப்தத்துக்கும் மேலாகிறது. தமிழ் எழுத்து மின்னஞ்சல் முகவரிகளுக்கான நியமம் 2012இல் வந்தது. ஜீமெயில் 2014 முதல் அத்தகைய முகவரிகளுடன் கடிதப் பரிமாற்றத்தை ஏற்கிறது. இருந்தும், எங்கள் அரச அலுவலகங்களின் பெயர்ப்பலகையில் இருக்கும் தமிழ் அவற்றின் முகவரிகளில் இல்லை. இந்தப் பதிவுகளை எப்படி எழுதுவது என்பதைத் தமிழில் விளக்கும் கையேடுகளும் அரிது. எங்கள் பல்கலைக்கழகங்களின் கணினித் துறை மாணவர்கள் ஒரு விடுமுறைக் காலத்தில் பத்துப் பன்னிரண்டு சங்கங்களின் பதிவுகளைச் சரிசெய்து கொடுக்கலாம். அது பெரிய திட்டமல்ல, நிதி வேண்டியதுமல்ல.

எங்கள் சமூகம் தனது ஆவணங்களைப் பலமுறை இழந்திருக்கிறது. நெருப்பில், இடப்பெயர்வில், பதுங்குகுழியில் விட்டுவந்த பைகளில் இழந்திருக்கிறது. அவற்றைத் தடுக்க எங்களிடம் வழி இருக்கவில்லை. ஒரு கடிதம் குப்பைக் கோப்புக்குள் தொலைவதையும், எங்கள் பெயரில் இன்னொருவர் பேசுவதையும் தடுக்க வழி இருக்கிறது. உங்கள் அமைப்பின் இணையப் பெயர் யாருடைய கணக்கில், எந்தத் திகதி வரை இருக்கிறது என்பதை இந்த வாரம் விசாரிப்பதிலிருந்து அதைத் தொடங்கலாம்.